வேறொருத்தியின் பெயரில் ஆடியவள்

மாமல்லபுரத்தில் நாங்கள் ஜெயித்த கோப்பை எங்கள் தொழிற்சாலையின் வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அதில் இரண்டு பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். ஒன்று என்னுடையது. இன்னொன்று, நாங்கள் அங்கே இருந்த மூன்று நாளும் டைபாய்டு வந்து வீட்டில் படுத்துக் கிடந்த ஒருத்தியுடையது. எனக்குப் பக்கத்தில் நின்று ஆடியவளின் பெயர் எங்கும் இல்லை. அதற்கு நானும் ஒரு காரணம்.

ஒரகடத்தில் காருக்கு வயரிங் செய்யும் கம்பெனி அது. நானும் அவளும் ஒரே லைனில், எதிரெதிராக நின்று வயர்களுக்கு டேப் சுற்றுவோம். நான் நிரந்தரப் பணியாளர், கழுத்தில் நீல டேக். அவள் காண்ட்ராக்ட், மஞ்சள் டேக். வேலை ஒன்றுதான். என்னைவிட நான்கு வயது இளையவள், அதனால் எனக்கு அவள் ‘டீ’, அவளுக்கு நான் ‘அக்கா’.

ஒரு நாள் பஸ்கள் நிற்கும் இடத்துக்குப் பின்னால் சிமெண்ட் தரையில் பச்சை பெயிண்ட் அடித்து, வெள்ளைக் கோடு போட்டு, இடுப்புயர வலை கட்டினார்கள். பிக்கில்பால் என்றார்கள். கட்டை மட்டை, ஓட்டை ஓட்டையாக ஒரு பிளாஸ்டிக் பந்து. வலையை ஒட்டி இரண்டு பக்கமும் உள்ள பகுதிக்குக் கிச்சன் என்று பெயராம், அதற்குள் நின்றுகொண்டு பந்தைத் தரையில் படாமல் அடிக்கக் கூடாதாம். “கிச்சனுக்குள்ள போவாதன்னு சொல்றதுக்கு ஒரு ஆட்டமா! இத மொதல்ல என் மாமியாருக்கு சொல்லிக் குடுக்கணும்க்கா” என்று அவள் சிரித்தாள்.

சிரித்துவிட்டு மட்டையைக் கையில் எடுத்தாள். முதல் அடியிலேயே எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

அவளுடைய அப்பா தண்டலம் பக்கம் ஒரு கல்லூரியில் வாட்ச்மேனாக இருந்தவர். அங்கே ஒரு டென்னிஸ் கோர்ட் உண்டு. கல்லூரிப் பெண்களுக்கு ஆள் குறையும்போது இவளைக் கூப்பிட்டு எதிரில் நிறுத்துவார்கள். அப்படியே பத்து வயதிலிருந்து பதினேழு வயது வரை ஆடியிருக்கிறாள். “பிராக்டிசுக்கு டெய்லி கூப்புடுவாங்க. மேட்ச்சுன்னா மட்டும் நான் யாரோ” என்றாள். அப்போது அதை ஒரு வேடிக்கைபோலத்தான் சொன்னாள்.

ஷிப்ட் முடிந்து பஸ் கிளம்ப அரை மணி நேரம் இருக்கும். அந்த அரை மணியில் எனக்கு அவள்தான் கற்றுக்கொடுத்தாள். முப்பத்தாறு வயதில், இரண்டு பிள்ளை பெற்ற பிறகு, ஓடி ஆடி வியர்ப்பது இத்தனை சந்தோஷமாக இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அடுத்த ஆண்டு கம்பெனியின் எல்லாக் கிளைகளுக்கும் சேர்த்து மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை விடுதியில் போட்டி வைத்தார்கள். நிரந்தரப் பணியாளர்கள் மட்டுமே ஆடலாம் என்பது விதி. என்னோடு ஜோடி சேர எங்கள் லைனில் இன்னொரு நிரந்தரக்காரியின் பெயரைக் கொடுத்தார்கள். போட்டிக்கு நான்கு நாள் முன்பு அவளுக்கு டைபாய்டு. எச்.ஆர். அதிகாரி என்னையும் என் தோழியையும் அறைக்குக் கூப்பிட்டார்.

“லிஸ்ட் அனுப்பிட்டோம்மா. பேர மாத்த முடியாது. டி-ஷர்ட்ல பேர் கூட பிரிண்ட் பண்ணியாச்சு. நீ அவ பேர்ல ஆடிட்டு வந்துடு. யாருக்குத் தெரியப் போகுது?” என்று அவளிடம் சொன்னார்.

அவள் என்னைப் பார்த்தாள். “கடலப் பாத்து எவ்ளோ நாளாச்சு. போலாம்டி” என்றேன். டீம் தாளில் கேப்டன் என்று நான் கையெழுத்துப் போட்டேன். அதை ஒரு பெரிய விஷயமாக நான் நினைக்கவே இல்லை.

பஸ் சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி, செங்கல்பட்டு தாண்டிப் போனது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கொண்டு அடுத்தவள் பெயர் போட்ட டி-ஷர்ட்டை மடியில் விரித்து, “இன்னாக்கா, என்னவிட இவ பேரு நல்லாதான் கீது” என்றாள்.

விடுதியில் சவுக்குத் தோப்பைத் தாண்டினால் கோர்ட், அதற்கு அந்தப் பக்கம் கடல். மதியத்துக்கு மேல் கடல்காற்று எழும்பியதும் அந்த லேசான பந்து நினைத்த இடத்துக்குப் போகாது. மற்ற ஜோடிகள் காற்றைத் திட்டிக்கொண்டே தோற்றார்கள். அவள் ஒரு மணி நேரம் கோர்ட் ஓரத்தில் நின்று மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்தாள். பிறகு என்னிடம், “தூக்கி அடிக்காதக்கா. வலைய ஒட்டித் தாழ்வா உடு. காத்து நம்ம முதுகுல இருந்தா மெதுவா, மொகத்துல இருந்தா முழுசா” என்றாள். அவ்வளவுதான் எங்கள் வித்தை. இரண்டாம் நாள் சாயங்காலம் இறுதி ஆட்டத்தில் பதினொன்றுக்கு ஒன்பது என்று ஜெயித்தோம். உப்பும் மணலும் ஒட்டிய முகத்தோடு என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒலிபெருக்கியில் எங்கள் பெயர்களைச் சொன்னபோதுதான் அவள் அழுகை நின்றது.

மூன்றாம் நாள் காலையில் எங்கள் தொழிற்சாலைத் தலைவர் விடுதியின் டென்னிஸ் கோர்ட்டில், எதிரில் ஆட ஆள் இல்லாமல் நின்றிருந்தார். “நேத்து ஜெயிச்ச பொண்ணுதானே? டென்னிஸ் வருமா?” என்று கேட்டார். அவள் கைமாற்றாக ஒரு ராக்கெட் வாங்கிக்கொண்டு இறங்கினாள். பந்தை நான்கு முறை தரையில் தட்டினாள், அவள் முகமே மாறிவிட்டது. லைனில் எட்டு மணி நேரம் எனக்கு எதிரில் நிற்பவள் இவள் இல்லை என்று தோன்றியது. ஒரு செட் ஆடினார்கள். அவர் தோற்றார். தோற்றதில் அவருக்குச் சந்தோஷம்தான்.

“உன் பேர் என்னம்மா?”

அவள் என்னைப் பார்த்தாள். எனக்குப் பக்கத்தில் நின்ற எச்.ஆர். அதிகாரி, வேண்டாம் என்பதுபோல லேசாகத் தலையை ஆட்டினார். அவள் டி-ஷர்ட்டில் இருந்த பெயரைச் சொன்னாள்.

“பர்மனென்ட்தானே?”

“ஆமா சார்” என்றார் எச்.ஆர்.

“இவ்வளவு திறமை இருக்கிற பொண்ண ஏன் லைன்ல நிக்க வச்சிருக்கீங்க? ட்ரெய்னிங் செக்‌ஷனுக்கு மாத்துங்க. ஸ்போர்ட்ஸையும் இவங்களே பார்க்கட்டும்.”

திரும்பி வரும்போது அவள் பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அவரே சொல்லிட்டாருக்கா. ஆடுனது நான்தான்னு இப்ப சொன்னா எனக்கே பர்மனென்ட் போட மாட்டாங்களா? நீ ஒரு வார்த்த பேசேன்.” பேசுகிறேன் என்றேன்.

திங்கட்கிழமை பேசவும் போனேன். எச்.ஆர். அதிகாரி கோபப்படவில்லை. “கையெழுத்து யாரோடதும்மா? ஆள் மாறாட்டம்னு வந்தா மொதல்ல கேப்டனைத்தான் கேப்பாங்க. லைன் லீடர் லிஸ்ட்ல உன் பேர் இருக்கு. யோசிச்சுக்கோ” என்றார். நான் இரண்டு நிமிடம்கூட யோசிக்கவில்லை. சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். லைனில் அவள் கண்ணாலேயே கேட்டாள். “பாக்கலாம்னு சொன்னாருடி” என்றேன்.

அந்த ஒரு பொய்யை நம்பி அவள் மூன்று மாதம் காத்திருந்தாள் என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஆண்டு விழாவில் எங்கள் பெயர்களைக் கூப்பிட்டார்கள். பெயருக்குச் சொந்தக்காரி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மேடைக்கு வந்தாள். தலைவர் அவளை உற்றுப் பார்த்தார். புடவையில் அடையாளம் தெரியவில்லை என்று நினைத்தாரோ, தெரிந்தும் விட்டுவிட்டாரோ, புன்னகைத்துக் கோப்பையைக் கொடுத்தார். போட்டோக்காரர் நெருங்கி நிற்கச் சொன்னார். நான் அவள் தோளில் கை போட்டேன். கீழே மஞ்சள் டேக் வரிசையில் என் தோழி உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள்.

மறுநாள் பஸ் ஏறும் இடத்தில் அவளே வந்து பேசினாள்.

“நீ பேசலன்னு எனக்கு எப்பவோ தெரியும்க்கா. உன் நெலம எனக்குப் புரியாதா? அத வுடு. அவ தோள்மேல ஏன்க்கா கை போட்ட?”

“போட்டோக்காரரு கிட்ட நிக்கச் சொன்னாருடி.”

“கிட்டதான நிக்கச் சொன்னாரு” என்றாள். அன்று அவள் என் பக்கத்து சீட்டில் உட்காரவில்லை.

அவளுடைய காண்ட்ராக்ட் அந்த மாதம் முடிந்தது. மறுபடி கூப்பிடவில்லை. எச்.ஆர். வேண்டுமென்றே செய்தாரா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அப்படித்தான் என்று என் மனசு சொல்கிறது. பெயர்க்காரி ட்ரெய்னிங் செக்‌ஷனுக்குப் போனாள். அவள்மேலும் முழுசாகக் கோபப்பட முடியவில்லை. ஒரு முறை கேன்டீனில் ஜாடையாகச் சொல்லிக் காட்டினேன். “நான் ஜொரத்துல கெடந்தேன். என் பேர குடுங்கன்னு யாராவது எங்கிட்ட வந்து கேட்டீங்களா?” என்றாள். நியாயம்தான். யாரும் கேட்கவில்லை. நான் லைன் லீடர் ஆனேன்.

அடுத்த போட்டிக்கும் எங்கள் இருவரையுமே அனுப்பினார்கள். அதே மாமல்லபுரம். பெயர்க்காரிக்கு மட்டையைச் சரியாகப் பிடிக்கவே வரவில்லை. எனக்கும் காற்று எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்று சொல்ல ஆள் இல்லை. பதினொன்றுக்கு இரண்டு. முதல் சுற்றிலேயே வெளியே வந்துவிட்டோம். தலைவர் எங்கள் ஆட்டத்தைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். என் ஜோடியின் முகத்தைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் டென்னிஸ் கோர்ட் பக்கம் நடந்துவிட்டார். அவர் கேட்டிருந்தால் அன்று சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொள்கிறேன். அது பொய் என்றும் தெரிகிறது.

போன மாதம் ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்தில் அவளைப் பார்த்தேன். வேறொரு கம்பெனியின் சீருடையில் இருந்தாள். முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று பயந்தேன். திருப்பவில்லை, பிள்ளைகளைப் பற்றி விசாரித்தாள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை.

“அங்க கோர்ட்டு கீதாடி?”

“கீதுக்கா. நல்ல கோர்ட்டு.”

“ஆடறியா?”

“எனக்கு ஆடத் தெரியும்னு அங்க யாருக்கும் தெரியாது” என்றாள். அவளுடைய கம்பெனி பஸ் வந்தது. வரிசையில் போய் நின்று ஏறினாள்.