செவிப்பறை தானாக மூடிக்கொள்ளும்

மருத்துவத்துக்கு நான் என்ன செய்தேன் என்று யாராவது கேட்டால், ஒன்றும் செய்யாமல் இருப்பதே நல்லது என்று நிரூபித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அறை வாங்கிச் செவிப்பறை கிழிந்தால் சொட்டு மருந்து விடாதே, எண்ணெய் விடாதே, பீச்சிக் கழுவாதே, தண்ணீர் படாமல் பார்த்துக்கொள். பெரும்பாலும் அதுவே மூடிக்கொள்ளும். என் மேற்படிப்பு ஆய்வேட்டின் சாரம் இவ்வளவுதான். இதைச் சொல்ல நான் தட்டச்சு அடித்து பைண்டு போட்டுக் கொடுத்த புத்தகம் ஒரு செங்கல் கனம் இருந்தது.

அப்போது தஞ்சாவூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் இருந்தேன். எங்கள் பேராசிரியர் சும்மா விடுகிற கட்சி இல்லை. சிகரெட் சுற்றுகிற மெல்லிய காகிதத்தை வட்டமாக வெட்டிக் கிழிசலின் மேல் ஒட்டிவைப்பார். ஓரத்துத் தோல் அதைப் பிடித்துக்கொண்டு வளரும் என்பது அவர் வாதம். ஒட்டாமலே வளரும் என்பது என் வாதம். பேராசிரியரை எதிர்த்து வாதம் செய்ய மாணவனுக்கு வாய் மட்டும் போதாது, காதுகள் வேண்டும். நிறைய வேண்டும்.

காதுகளுக்கு எங்கள் மாவட்டத்தில் அந்த ஆண்டுகளில் பஞ்சம் இல்லை. கூலி இவ்வளவு என்று அரசாங்கம் சட்டம் போட்டிருந்தது. நிலம் இவ்வளவுதான் வைத்துக்கொள்ளலாம் என்று இன்னொரு சட்டம். சட்டங்கள் கோட்டையிலிருந்து ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டன. களத்தில் நெல் அளக்கிற மரக்கால் மட்டும் மிராசுதார் வீட்டு மரக்காலாகவே இருந்தது. அதனால் ஒவ்வொரு அறுவடைக்கும் களத்தில் தகராறு. அரிவாளும் கம்பும் எடுத்தவர்கள் அறுவைசிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். கம்பு எடுக்கிற அளவுக்கு மதிக்கப்படாதவர்கள் கன்னத்தில் வாங்கிக்கொண்டு எங்களிடம் வந்தார்கள். விரித்த கை காதை மூடியபடி விழுந்தால் உள்ளே காற்று அழுந்திப் பறை கிழிந்துவிடும். அடிக்கிறவர்கள் பெரும்பாலும் வலது கைக்காரர்கள் என்பதால் பெரும்பாலும் இடது காது.

தையும் மாசியும் எனக்குப் பருவகாலம். வார்டு சுற்றும்போது பேராசிரியர், "என்னய்யா, இந்த வருஷம் மகசூல் எப்படி?" என்பார். எல்லோரும் சிரிப்போம். கும்பகோணம் பக்கம் என் அப்பாவுக்கும் கொஞ்சம் நிலம் இருந்தது, குத்தகைக்கு விட்டிருந்தார். அதனால் நான் கொஞ்சம் அடக்கமாகச் சிரிப்பேன். என் நாணயம் அந்த அளவில்தான் இருந்தது.

எனக்கு இருந்த ஒரே கஷ்டம், வந்தவர்கள் திரும்பி வராததுதான். வலி நின்றால் வேலைக்குப் போய்விடுவார்கள். ஓட்டை மூடியதா இல்லையா என்று பார்க்காத காது ஆய்வுக்கு உதவாத காது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் ஒருவர் இருந்தார். அடிபட்டவர்களை அழைத்துவருவார், சொன்ன தேதிக்குத் திரும்பவும் அழைத்துவருவார். அவருக்கு வழக்குப் போடக் காயச் சான்றிதழ் வேண்டும், எனக்குக் காது வேண்டும். ஒருவருக்கொருவர் உபகாரம் என்று நினைத்திருந்தேன்.

அவர் ஒரு நாள் ஒரு பெண்ணை அழைத்துவந்தார். முப்பது வயது இருக்கலாம். அப்போது நான் அவரை நீ என்றுதான் பேசினேன். இப்போது எழுதும்போது அவர் என்கிறேன், மரியாதைக்குச் செலவில்லை. களத்தில் கூலி நெல்லை அளக்கும்போது குவித்து அளக்காமல் மரக்காலைத் தலைவழித்து அளக்கிறீர்கள் என்று சொல்லியிருக்கிறார். பண்ணை ஏஜெண்டு அறைந்துவிட்டான். அன்றே அவர் கணவர் மீதும் இன்னும் சில பேர் மீதும் அறுத்த நெல்லைக் கொள்ளையடித்ததாகப் பண்ணைத் தரப்பில் புகார் போயிருந்தது.

"எந்தக் கையால அடிச்சான்?"

"அதக் கேட்டு என்னங்க செய்யப் போறீங்க, வலிக்கிறது காதுதானே."

உள்ளே பார்த்தேன். பறையில் பாதிக்கு மேல் கிழிசல், ஓரங்கள் சுத்தம், சீழ் இல்லை. அழகான ஓட்டை என்று எங்கள் துறையில் சொல்வோம். காகிதத்தில் படம் வரைந்துகொண்டேன். தலைக்கு ஊற்றிக்கொள்ளக் கூடாது, குளத்தில் முங்கக் கூடாது என்று சொன்னேன்.

"எண்ணெ விடலாங்களா?"

"எதுவும் விடக்கூடாது."

"அப்ப வைத்தியம்?"

"அதான் வைத்தியம்."

"ஒண்ணும் செய்யாதன்னு சொல்லவா தஞ்சாவூர் வரைக்கும் பஸ்ஸு விட்ருக்காங்க" என்றார். சங்கத்துக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

போலீஸுக்குப் போகிற தாளில் காயம் எப்படிப்பட்டது என்று எழுத வேண்டும். ஒரு காதில் கேட்கும் சக்தி நிரந்தரமாகப் போனால் அது கொடுங்காயம், பெரிய வழக்கு. திரும்ப வந்துவிட்டால் சாதாரணக் காயம், அபராதத்தோடு போய்விடும். முதல் நாளே யாரும் சொல்ல முடியாது. ஆகவே 'முடிவான அபிப்பிராயம் நிறுத்திவைக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். நடைமுறையில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

இரண்டாவது முறை வந்தபோது ஓரம் வளரத் தொடங்கியிருந்தது. அவரை உள்ளே உட்காரவைத்துவிட்டுச் சங்கத்துக்காரர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"ஓட்டை எப்படிங்க இருக்கு?"

"நல்லா சுருங்குது."

"சுருங்குதா" என்றார். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

பிறகு மறைக்காமல் சொன்னார். ஏஜெண்டு மேல் கொடுங்காய வழக்கு நின்றால் பண்ணைத் தரப்பு பயந்து ராஜிக்கு வரும். அவர்கள் சாட்சிகள் நெல் வழக்கில் ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடுவார்கள், இவர்களும் அறை வழக்கை விட்டுவிடுவார்கள். வழக்கு நிற்காவிட்டால் அந்தப் பெண்ணின் கணவரும் மற்றவர்களும் ஜெயிலுக்குப் போவார்கள்.

"நல்லா பாருங்க டாக்டர். ஆனா ரொம்ப நல்லா பாத்துடாதீங்க."

"நான் டாக்டருங்க. வக்கீல் இல்ல."

"தெரியுதுங்க. நிலமும் இருக்குன்னு கேள்வி."

எனக்குக் கோபம் வந்தது. நேர்மையானவனுக்கு வருகிற கோபம் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது முறை அந்தப் பெண் தனியாக வந்தார். காதிலிருந்து நாற்றம். உள்ளே சீழ், வளர்ந்த ஓரம் கரைந்திருந்தது. பஞ்சுக் குச்சியில் சீழ் எடுத்து லேபுக்கு அனுப்பி, மறுபடி வரச் சொன்னேன். கிருமி வளர்க்கிற தட்டு முழுக்கப் பச்சை பூத்திருந்தது. லேபில் இருந்த டாக்டரம்மா தட்டை என்னிடம் நீட்டி, "உங்க ஆளு குளத்தையே காதுல தூக்கிட்டு வந்திருக்காங்க" என்றார். கோடையில் தேங்கிக் கிடக்கிற தண்ணீரில் இருக்கிற கிருமி அது.

"தண்ணி போச்சா?" என்று அந்தப் பெண் மறுபடி வந்தபோது கேட்டேன்.

"போவலிங்க. ஊத்துனேன்."

இப்படி நேராகச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "யாரு ஊத்தச் சொன்னா?"

"யாரு சொல்லணும்? காது என்னுது, கொளம் ஊருது."

"எதுக்கு?"

"மூடிக்கிச்சுன்னா கேஸு நிக்காதாமே. அவரு உள்ள போயிடுவாராமே. ஒரு காதுதானுங்களே, இன்னொண்ணு இருக்கே."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. இரண்டு காதில் ஒன்றைக் கொடுத்துக் கணவரை வாங்குகிறார். எனக்கு மட்டும் அந்தக் கணக்கு பிடிக்கவில்லை.

"சீழ் எலும்புக்குள்ள போகும். அங்கேருந்து மூளைக்குப் போகும்."

"போனா?"

"உயிருக்கே ஆபத்து."

"செத்துட்டா கேஸு இன்னும் பெருசாவுங்களா?"

அவர் சிரிக்கவில்லை. அதனால் என்னாலும் சிரிக்க முடியவில்லை. பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டேன். இரண்டு என்றார்.

"புருஷன் ஜெயிலுக்குப் போனா திரும்பி வருவான். நீ போனா வருவியா?"

அந்தக் கேள்வியோடு பேச்சு முடிந்தது. முந்தானையால் காதோரத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அப்ப என்னங்க செய்யணும்?" என்றார்.

நான் சொன்னது பொய் இல்லை. காதுச் சீழ் மூளைக்குப் போகும் என்று எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது, மாணவர்களிடம் தவறாமல் கேட்கிற கேள்வி அது. வருஷக்கணக்காகச் சீழ் ஒழுகி எலும்பு அரித்த காதுகளில் அப்படி ஆகி நானே பார்த்திருக்கிறேன். அறை வாங்கிக் கிழிந்த புதுக் காதில் பார்த்ததில்லை. இன்று வரை பார்த்ததில்லை. அந்தச் சீழ் சொட்டு மருந்துக்கு அடங்கிவிடும், அடங்காவிட்டாலும் ஓட்டையோடு வாழலாம், ஓட்டையோடு வாழ்கிறவர்கள் ஆயிரம் பேர், முடிவு உன் கையில் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான். என்னிடம் இருந்த இரண்டு உண்மைகளில் பயமுறுத்துகிறதை எடுத்துக் கொடுத்தேன்.

நோயாளியின் நன்மைக்காக என்று அன்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஆனால் என்னிடம் இருந்த படங்களிலேயே பெரிய ஓட்டை அது. அது மூடினால் பேராசிரியரின் சிகரெட் காகிதத்துக்கு வேலையில்லை. அதை இழக்க எனக்கு மனமில்லை. சீழுக்கு மருந்து கொடுத்தேன். மருந்து விட்ட காதை என் ஆய்வு விதிப்படி சேர்க்கக் கூடாது. இடையில் சீழ் வந்தால் மட்டும் சேர்க்கலாம் என்று ஒரு உபவிதி எழுதிக்கொண்டேன். உபவிதி எழுதுவதில் எனக்கு எப்போதும் நல்ல பயிற்சி.

அந்தப் பெண் நான் சொன்னபடி நடந்தார். குளத்துப் பக்கம் போகவில்லை, தலைக்கு ஊற்றிக்கொள்ளவில்லை, பயறு பறிக்கப் போன இடத்தில் வேர்வை வழியாமல் காதில் துணி கட்டிக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். சீழ் நின்றது. அடுத்தடுத்து நான் வரைந்த படங்களில் ஓட்டை பிறை ஆயிற்று, பிறகு புள்ளி ஆயிற்று, பிறகு இல்லை. காதொலி சோதனையில் கேட்கும் சக்தியும் திரும்பியிருந்தது. நிறுத்திவைத்த அபிப்பிராயத்தை எழுதினேன்: சாதாரணக் காயம்.

வேறு என்ன எழுதியிருக்க முடியும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். மூடிய பறையைத் திறந்திருக்கிறது என்று எழுத முடியாது. மூடுகிற காதை மூடவிடாமல் செய் என்று எந்த டாக்டரும் சொல்லமாட்டான். இதில் தப்பு எங்கே என்று விரல் வைத்துக் காட்ட முடிந்திருந்தால் இத்தனை வருஷத்தில் அதற்கு ஒரு சமாதானம் கண்டுபிடித்திருப்பேன்.

கோர்ட்டில் பண்ணைத் தரப்பு வக்கீல் என்னை மிகவும் மரியாதையாக நடத்தினார். இந்த விஷயத்தில் தாங்களே ஆராய்ச்சி செய்திருக்கிறீர்கள் அல்லவா என்றார். ஆமாம் என்றேன். இப்படிக் கிழிந்த பறை தானாக மூடிக்கொள்ளும் என்பது தங்கள் முடிவு? ஆமாம். இந்தப் பெண்ணுக்கு மூடிவிட்டதா? மூடிவிட்டது. கேட்கிறதா? கேட்கிறது. சங்கத்துக்காரர் கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏஜெண்டு அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனான். ராஜி பேச யாரும் வரவில்லை. நெல் வழக்கில் பண்ணைச் சாட்சிகள் சொல்ல வேண்டியதைச் சொன்னார்கள். அவர் கணவரும் மற்றவர்களும் திருச்சி ஜெயிலுக்குப் போனார்கள். சங்கத்துக்காரர் அதற்குப் பிறகு யாரையும் என்னிடம் அழைத்துவரவில்லை. என் ஆய்வேடு ஏற்றுக்கொள்ளப்பட்டது. பேராசிரியர் படித்துவிட்டு, "காகிதம் மிச்சம்" என்றார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

அடுத்த வருஷம் ஒரு காலையில் அந்தப் பெண் வெளிநோயாளிப் பிரிவில் வந்து நின்றார். குணமான காதுகளை ஒரு வருஷம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன். ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன், அதற்கு அந்தச் சோதனை தேவை. அநேகமாக யாரும் வரவில்லை. சொன்ன சொல்லை மதித்து இவர் வந்திருக்கிறார் என்று நினைத்து எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கணவரைப் பற்றிக் கேட்டேன். இன்னும் வரவில்லை என்றார். மேற்கொண்டு கேட்கவில்லை.

சத்தம் புகாத அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டதும் விரலைத் தூக்கச் சொன்னேன். சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நல்ல காதுக்கும் சந்தேகமாக இருக்கிற அளவுக்குக் குறைத்தும் விரல் உயர்ந்தது.

வெளியே வந்ததும், "ரெண்டு காதும் ஒண்ணுபோல இருக்கும்மா" என்றேன்.

"நெசமாவா?"

"நெசமா."

"அப்ப கோர்ட்டுல சொன்னதும் நெசந்தானுங்களா?"

"ஆமா."

அந்த மிஷினைப் பார்த்தார். "நீங்க அவங்ககிட்ட வாங்கிட்டுச் சொன்னீங்கன்னு ஊர்ல பேசிக்கிறாங்க. எனக்குக் கேக்குற மாதிரிதான் இருந்துச்சு. இருந்தாலும் மிஷினுல பாத்துடுவோம்னு வந்தேன். பொய்யின்னா நாலு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு."

"இப்ப?"

"இப்ப என்னத்தக் கேக்குறது."

பையை எடுத்துக்கொண்டு கதவு வரைக்கும் போனவர் நின்று திரும்பினார்.

"அந்தச் சீழு மூளைக்குப் போயிருக்குமுன்னீங்களே. அதுவும் நெசந்தானே?"

இல்லை என்றால், அவர் காதை மீட்பதற்காகக் கணவரை வீணாகக் கொடுத்துவிட்டார் என்று ஆகும். ஆமாம் என்றால் நான் யார் என்பது எனக்கு மட்டும் தெரியும். இதற்கு நடைமுறை எதிலும் வழி இல்லை.

"ஆமா" என்றேன்.

"அப்ப சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.