ரயிலுக்கு அடித்த கோயில் மணி

கோலார் தங்கவயலில் எங்கள் மாதா கோயில் மணிக்கு ஓரத்தில் ஒரு சில்லு உடைந்திருக்கும். அதனால் அதன் ஓசை எப்போதும் ஜலதோஷம் பிடித்த மாதிரிதான் வரும். போன வாரம் பெங்களூர் விவேக் நகரில் என் வீட்டுக்கு அந்தக் கோயில் சாமியார் போன் செய்தார். விழா மலருக்குக் கோயில் வரலாறு எழுதித் தர வேண்டுமாம். யார் அடிக்கல் நாட்டியது, எந்த ஆயர் வந்து மந்திரித்துத் திறந்து வைத்தது என்று அடுக்கிக்கொண்டே போனார். எனக்கு என்ன தெரியும்? வட ஆற்காட்டிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் சுரங்கத்தில் ஷிப்டு முடிந்த கையோடு கல் சுமந்து கட்டிய கோயில் அது. வேலிக்குக் கூடச் சுரங்கப் பாறையைத் துளைத்துத் தேய்ந்துபோன கம்பிகளைத்தான் நட்டார்கள். இதற்கு மேல் நான் அறிந்த வரலாறெல்லாம் ஒரே ஒரு காலை நேரத்து விஷயம். அதில் ஆயரும் இல்லை, அடிக்கல்லும் இல்லை.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. சுரங்கத்தை மூடிவிட்டார்கள். சுரங்கம் போனதோடு ஷிப்டுக்கு ஊதும் சங்கும் நின்றுபோனது. ஊரே அந்தச் சங்குக்கு எழுந்து, அதற்குச் சமைத்து, அதற்குத் தூங்கிய ஊர். அப்பாவுக்குப் பெங்களூரில் ஒரு கட்டடத்தில் செக்யூரிட்டி வேலை கிடைத்தது. விடியற்காலை ரயிலைப் பிடித்தால்தான் நேரத்துக்குப் போக முடியும். சங்கு இல்லாமல் எழத் தெரியாத மனுஷன்! அம்மா வாங்கி வைத்த அலாரத்தைத் தூக்கத்திலேயே ஒரு தட்டுத் தட்டி அணைத்துவிட்டுத் திரும்பிப் படுப்பார். இரண்டு முறை ரயில் தவறியது. மூன்றாவது முறை தாமதமானால் வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் அது ஒன்றுதான் சம்பளம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அம்மா உபதேசியாரிடம் போய் அழுதாள். சாமியாருக்கு உதவியாக ஜெபம் சொல்லிக்கொடுப்பது, சாவு வீட்டுக்குப் போவது, மணி அடிப்பது எல்லாம் அவர்தான். ஒல்லியான, கோபக்கார, வாய் நிறைய வெற்றிலையோடு திரியும் மனிதர். "இந்த ஆளு எழுந்துக்கவே மாட்டேங்கிறாரு உபதேசியாரே, நானும் இன்னாதான் பண்றது?" என்றாள் அம்மா. "நீ போம்மா, நான் பாத்துக்கறேன். செத்தவனே எழுந்துக்கற மாதிரி அடிக்கிறேன்" என்றார் அவர்.

திங்கட்கிழமை விடியலில் அடித்தாரே பார்க்கலாம்! நிறுத்தாமல், மூச்சு விடாமல், ஜலதோஷ மணி அலறியது. அந்த ஆர்வத்தில் மனிதர் ஒன்றை மறந்துபோனார். எங்கள் ஊரில் நேரமில்லாத நேரத்தில் மணி விடாமல் அடித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சுரங்கத்துக்குள் பாறை வெடித்துச் சரிந்திருக்கிறது, உள்ளே ஆள் மாட்டியிருக்கிறது.

சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டுக் கதவெல்லாம் படபடவென்று திறந்தன. அப்பா பனியனோடு ஓடினார். பின்னால் அம்மா ஓடினாள், அவள் பின்னால் நான். "ஐயோ, மாதாவே" என்று கத்திக்கொண்டு எதிர்வரிசைப் பெண்கள் தலைமுடிகூட முடியாமல் வந்தார்கள். சுரங்க வாசலில் கூட்டம் முட்டி மோதியது. காவலுக்கு இருந்தவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து பூட்டைத் தொட்டுக் காட்டினார். "இன்னாப்பா உங்களுக்கு? உள்ளே யாரு கீறாங்க?"

சுரங்கம் மூடிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும், கால்களுக்குத்தான் தெரியவில்லை. யாரோ சிரித்தார்கள், யாரோ அழுதார்கள். அம்மா இரண்டையும் சேர்த்தே செய்தாள், மணியை அடிக்க வைத்தவளே அவள்தானே. அந்த நேரம் பார்த்துத் தூரத்தில் ரயில் கூவியது. ஸ்டேஷன் ஊரின் அந்தக் கோடி, நாங்கள் நின்றது இந்தக் கோடி. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு உபதேசியார் மேல் வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது.

அரை மணி நேரத்தில் அவரே வீட்டுக்கு வந்தார். வெள்ளை ஜிப்பா, கழுத்தில் சிலுவை, வாயில் வெற்றிலை இல்லை. "எழுந்திரு, அடுத்த வண்டியில போலாம். தப்பு என்னுது, நான் வந்து சொல்றேன்" என்று அப்பாவை இழுத்துக்கொண்டு போனார். அன்று முழுக்க அம்மா ஜெபமாலையைக் கையை விட்டு இறக்கவில்லை. எனக்கு ஜெபம் ஓடவில்லை. இனி பள்ளிக்கூடம் போக முடியுமா என்பதே என் கவலை.

சாயங்காலம் உபதேசியார் மட்டும் திரும்பி வந்தார். அம்மா நீட்டிய தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னார். சூப்பர்வைசர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாராம். மூடின சுரங்கத்துக்கு எதற்கய்யா ஓடினாய், ரயிலுக்கு அல்லவா ஓட வேண்டும் என்று கன்னடத்தில் கேட்டாராம். அப்பாவும் கன்னடத்திலேயே பேசினாராம். அதை உபதேசியார் எங்களுக்குத் தமிழில் சொன்னார்:

"எங்கப்பாவுக்கு மணி அடிச்சப்ப நான் ஸ்கூல்ல இருந்தேன் சார். கணக்குப் பரீட்சை. யாருக்கோ அடிக்குதுன்னு நெனச்சி எழுதி முடிச்சிட்டுத்தான் போனேன். போறதுக்குள்ள முகத்த மூடிட்டாங்க."

தாத்தா சுரங்கத்தில் இறந்தார் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். இது அம்மாவுக்கே தெரியாது.

"சூப்பர்வைசரு சிரிப்ப நிறுத்திட்டாரு. வருகை நோட்ட உன் வூட்டுக்காரன் பக்கமாத் தள்ளுனாரு, அவ்ளோதான்" என்றார் உபதேசியார். "ராத்திரி வண்டிக்கு வந்துடுவான். இதக் கேட்டேன்னு அவன்கிட்ட காட்டிக்காதம்மா."

அப்பா வந்தார். நான் அவர் பக்கத்தில் போய் ஒட்டி உட்கார்ந்தேன். "என்னாச்சிம்மா, பரீட்சையா?" என்று கேட்டார். இல்லையென்று தலையாட்டினேன்.