நடுத்தெருவில் ஒரு நாற்காலி

டிஏசி வந்துவிட்டது! போனில் வரும் ஹை-ரெஸ் என்னும் உயர்தரப் பாட்டைத் தரம் குறையாமல் ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கும் சின்னப் பெட்டி.

இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்கார்ந்தேன். பாடகி பாடுவதற்கு முன் மூச்சிழுப்பதுகூடக் கேட்டது. கண் கலங்கிவிட்டது.

அப்பாவும் கேட்டார். உடனே இரண்டு ஸ்பீக்கரையும் தூக்கி, வாசலில் தெருவைப் பார்த்து வைத்துவிட்டார்.

"அப்பா, நடுவுல உக்காந்துதான் கேக்கணும்!"

"இவ்ளோ நல்லா கீது, நாம மட்டும் கேட்டா எப்டிமா?"

எனக்கு அந்த மூச்சு மறுபடி கேட்டாக வேண்டும். நாற்காலியை நடுத்தெருவில் போட்டு உட்கார்ந்தேன்.

எதிர்வீட்டு அக்கா சிரித்தார். "இன்னாடி, வூட்ட வுட்டே வரமாட்ட, இன்னிக்கு நடுரோட்ல குந்திகினு கீற?"

"இங்கதான்கா மூச்சு கேக்குது."

அவரும் நாற்காலியோடு வந்துவிட்டார்.

தண்ணீர் லாரி வந்தால் மட்டும் எழுந்து வழிவிடுகிறோம். நீங்களெல்லாம் எங்கே உட்கார்ந்து கேட்கிறீர்கள்?