ராஸ் லஃபான் பஸ்ஸும் ஒத்தக்கால் கோலும்

டைம் கீப்பர் வேலையில ஒரு வசதி உண்டு: யாருக்கும் நம்மளப் பிடிக்காதுங்கிறது சேர்ந்த முதல் நாளே தெரிஞ்சுபோயிரும், அதுக்கப்புறம் ஏமாற்றமே கிடையாது. இங்க கத்தார்ல, விடியக்காலை நாலரைக்கு கேம்ப் வாசல்ல, ராஸ் லஃபான் கேஸ் பிளான்ட்டுக்குப் போற பஸ் படியில நின்னு பேர் கூப்பிடணும். வந்தவனுக்கு டிக், வராதவனுக்குக் கோடு. அஞ்சு நிமிஷம் பிந்தி வந்தவன் நம்மள எமனைப் பாக்குற மாதிரி பார்ப்பான். வேற வேற சைட்ல இதே வேலையில மாரடிக்கிற சகோதரர்களே, இதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

ஆனா எனக்கு வாய்ச்ச மாதிரி ஒரு பஸ் உங்களுக்கு வாய்ச்சிருக்காது. என் ஷீட்ல இருந்த நாப்பத்தெட்டு பேர்ல முப்பது பேர் ஒரே ஊர்க்காரங்க. திருச்செந்தூருக்குத் தெக்கே கடலோரத்து ஊர். அந்த ஊர்ல போர்டு ஸ்கூல், மிஷன் ஸ்கூல்னு ரெண்டு. ரெண்டுக்கும் ஃபுட்பால் டீம். நான் அறந்தாங்கிப் பக்கம். எங்க பக்கம் கபடிதான். கோல் போஸ்ட்ல துணி காயப்போட்டுத்தான் நான் பாத்திருக்கேன்.

இடப்பக்கம், வலப்பக்கம்

நான் பொறுப்பெடுத்த முதல் வாரம். கிரேன்ல சாமானைக் கட்டித் தூக்குற ரிக்கர் ஒருத்தர், புதுசா வந்தவர், நாப்பது வயசிருக்கும், பஸ்ல நின்னுக்கிட்டே இருந்தார். இங்க பஸ்ல ஆள் நின்னா வண்டியை எடுக்க மாட்டாங்க. டிரைவர் கான் பாய் பெஷாவர்க்காரர். அவர் கண்ணாடியில பாத்து, சீக்கிரம் உக்காருங்கன்னு "யல்லா, யல்லா"ன்னு கத்திக்கிட்டிருக்கார். வலப்பக்கம் நாலு சீட் காலி. உக்காருங்கன்னா மனுஷன் அசையல. கடைசியில இடப்பக்கத்துல ஒரு ஆளை எழுப்பி முன்னால என் பக்கத்துல உக்கார வச்சு, இவரை அங்க தள்ளிவிட்டேன். சைட்டுக்குப் போனதும் கேட்டேன், காலி சீட்டுல என்னய்யா முள்ளா இருக்குன்னு.

"அது மிஷன் ஸ்கூல்காரன் பக்கம் சார். அங்க உக்காந்தா போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பிருவானுவ. எங்கப்பா இன்னும் உயிரோட இருக்காவ."

ஆறு அம்மாக்களுக்குக் கண் ஆபரேஷன்

லீவ் பாரம் நம்ம மேசை வழியாத்தான் போகும். ஒரு கேங்ல ஒரே சமயத்துல ரெண்டு பேருக்கு மேல விடக் கூடாதுன்னு சட்டம். அந்த வருஷம் ஒரே வாரத்தைக் கேட்டு ஏழு பாரம் வந்துச்சு. ஆறுல ஒரே காரணம், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். அவங்க ஊர்ல கண் ஆஸ்பத்திரியே கிடையாதுங்கிறது எனக்குத் தெரியும். ஏழாவது பாரம் ஜெய்லானியோடது. எலக்ட்ரீஷியன், பஸ்ல வலப்பக்கத்துக்கு அவர்தான் தலைவர். காரணம்னு போட்ட இடத்துல "மாவட்ட செமி ஃபைனல்"னு எழுதியிருந்தார்.

ஆபீஸ்ல இதை யாருக்குய்யா இங்கிலீஷ்ல விளக்குறதுன்னு அவரைக் கூப்பிட்டுத் திட்டினேன். நீங்களும் ஒரு கண் ஆபரேஷன் எழுதியிருக்கலாம்லன்னேன். கடைசியில பிளான்ட்டை நிறுத்தி ரிப்பேர் பாக்குற ஷட்டவுன் வேலை இருக்குன்னு சொல்லி ஏழு பேர் லீவையும் ரத்து பண்ணிட்டாங்க, அது வேற கதை. ஆனா அன்னைக்கு ஜெய்லானி சொன்ன பதில் எனக்கு மறக்கல.

"பொய் சொன்னா லீவு கிடைக்கும் சார். மேட்ச் தோத்துரும்."

அந்த ஒரு கோல்

இடப்பக்கத்துக்கு, அதாவது போர்டு ஸ்கூல்காரங்களுக்குத் தலைவர் செல்வம், பைப் ஃபிட்டர். காலையில டிக் போட்டு முடிக்கிறதுக்குள்ள வாக்குவாதம் ஆரம்பிச்சிரும். இந்த வருஷ டீம் பெருசா, அந்த வருஷ டீம் பெருசா? எந்த வழியா போனாலும் பேச்சு ஒரே இடத்துலதான் வந்து நிக்கும்: இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னால மாவட்ட ஃபைனல்ல மிஷன் ஸ்கூலுக்கு எதிரா விழுந்த ஒத்தக்கால் கோல். வலது முட்டி பலூன் மாதிரி வீங்கிக் கிடந்த ஒரு பையன், துணியைச் சுத்திக் கட்டிக்கிட்டு இறங்கி, கடைசி நிமிஷத்துல அடிச்சது. செல்வம் முதல்ல என்கிட்ட சொன்னப்போ இருபது கெஜ தூரம். போன மாசம் சொன்னப்போ நாப்பது ஆயிருச்சு. ஜெய்லானி இன்னைக்கு வரைக்கும் அது ஆஃப்சைடுன்னுதான் சத்தியம் பண்றார்.

அந்தப் பையன் அதே பஸ்ல மூணாவது வரிசையில காலை நடைபாதையில நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தார். எந்திரிக்கணும்னா முன் சீட்டுல கையை ஊணித்தான் எந்திரிப்பார். பேரு முத்துக்குமார். வேலை ஃபயர் வாட்ச். வெல்டிங் நடக்கிற இடத்துல தீயணைக்கிற சிலிண்டரோட நாள் முழுக்க நிக்கணும், அவ்வளவுதான் வேலை. கோல் பேச்சு வந்தா வெளியே பாத்துக்கிட்டு வருவார். ஒருநாள் நானே கேட்டேன், நீங்களே சொல்லுங்களேன், எவ்வளவு தூரம்தான் இருந்துச்சுன்னு.

"வலியில கண்ண மூடிட்டேன் சார். நான் பாக்கல."

முடிஞ்சுபோன மேட்சுக்குக் கத்துறது

பிளான்ட்டுக்குள்ள போன் கொண்டுபோகக் கூடாது. எல்லார் போனும் ஒரு பையில பஸ்லயே கிடக்கும். ஊர்ல மேட்ச் நடக்கிற நேரத்துல இவங்க பைப்புக்கு நடுவுல இருப்பாங்க. சாயங்காலம் போன் கைக்கு வந்ததும், யாரும் முடிவைச் சொல்லக் கூடாதுன்னு ஒரு கட்டுப்பாடு. மேட்ச் முடிஞ்சு மூணு மணி நேரம் ஆயிருக்கும். இவங்க பஸ்ல உக்காந்து "பாஸ் பண்ணுல, மூதேவி"ன்னு வீடியோவைப் பாத்துக் கத்துவாங்க.

செலக்ஷனும் பஸ்லயேதான். ஜெர்சியும் பூட்ஸும் இவங்க வாங்கி அனுப்புனதால, ஊர் வாட்ஸ்அப் குரூப்ல அவங்கவங்க ஸ்கூல் பி.டி. சாருக்கு ஆர்டர் போடுற உரிமை தங்களுக்கு இருக்குன்னு நினைப்பு. ஆனா ஊருக்குப் போயி ரெண்டு மூணு வருஷம் ஆச்சு. பையன்களை அப்பன் பேரை வச்சுத்தான் தெரியும். காதர் மகனை இடப்பக்கம் இறக்குங்கன்னு செல்வம் ஒரு வாரமா மெசேஜ் போட்டார். கடைசியில போர்டு ஸ்கூல் பி.டி. சார் வாய்ஸ் மெசேஜ்ல பதில் சொன்னார். பஸ்ஸே கேட்டுச்சு.

"தம்பி, அவன் ஸ்கூலை விட்டுப் போயி ரெண்டு வருஷமாச்சு. மீசையெல்லாம் வச்சிருக்கான்."

கை மாறி வந்த போன்

ஒரு விஷயத்துல மட்டும் ரெண்டு பக்கமும் சண்டை கிடையாது. முத்துக்குமார் மகன் கதிர்தான் இப்போ மாவட்டத்துலயே நல்ல ஆட்டக்காரன். போர்டு ஸ்கூல்ல பன்னிரண்டாவது. பாளையங்கோட்டையில ஒரு காலேஜ்ல அவனைப் பாத்துட்டு, ரெண்டு மாசத்துல செலக்ஷனுக்கு வரச் சொல்லியிருந்தாங்க. தேறினா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சீட். முத்துக்குமாருக்கு அதைத் தவிர வேற பேச்சு கிடையாது. அதையும் சத்தமாப் பேச மாட்டார்.

காலிறுதி மேட்ச்ல கதிருக்கு வலது முட்டியில அடி. நாலு நாள்ல செமி ஃபைனல், அதுவும் மிஷன் ஸ்கூலோட. முட்டி வீங்கிக் கிடக்கிற போட்டோ சாயங்காலம் பஸ்ஸுக்கு வந்துச்சு. செல்வம் எந்திரிச்சு நின்னு, "அப்பன் ஆடுனாம்லா, மகன் ஆட மாட்டானா? முத்து, நீ ஒரு வார்த்தை சொல்லு, பய எந்திரிச்சு ஓடுவான்"னார். ஜெய்லானியும் விடல, அவன் இல்லாம ஜெயிச்சா அது ஒரு ஜெயிப்பான்னு கேட்டார். குரூப்ல வாய்ஸ் மெசேஜுக்கு விரலை வைக்கிற மாதிரி ரெடி பண்ணி, செல்வத்தோட போன் ஒவ்வொரு கையா மாறி மூணாவது வரிசைக்கு வந்துச்சு. முப்பது பேர் முத்துக்குமார் வாயையே பாக்குறாங்க.

அவர் போனை வாங்கி விரலை அழுத்தினார். அப்புறம் பேசினார். "கதிரு, அப்பா பேசுதேன். நீ ஆட வேண்டாம். யாரு சொன்னாலும் ஆடாத. அன்னைக்கு நான் ஆடுனது தப்பு." அவ்வளவுதான். விரலை எடுத்தார், மெசேஜ் போயிருச்சு. ஊர்ல பி.டி. சார்ல இருந்து டீக்கடைக்காரர் வரைக்கும் எல்லாரும் கேட்டிருப்பாங்க. செல்வம் நின்ன இடத்துலயே உக்காந்தார். அவர் கோவமாக் கேட்டிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமா இருந்திருக்காது.

"அப்போ இருபத்தஞ்சு வருசமா நாங்க எதப் பத்திவே பேசிட்டு வாறோம்?"

என் கையெழுத்துல ஒரு மெமோ

போர்டு ஸ்கூல் ஒண்ணுக்கு ஜீரோவுல தோத்துச்சு. அதுக்கப்புறம் முத்துக்குமார் பக்கத்து சீட்டுல யாரும் உக்காரல. ஒரே ரூம்ல எட்டுப் பேர், ஏழு பேர் பேசல. மெஸ்ல அவர் தட்டோட வந்தா பேச்சு நின்னுரும். தன் மகன் முட்டிக்காக ஊரையே தோக்க வச்சவன்னு பேரு. ஜெயிச்ச ஜெய்லானி கட்சியும் சந்தோஷமா இல்ல. எல்லாருக்கும் இவர்மேலதான் கோவம்.

ரெண்டாவது வாரம் நான் போயி அவர் பக்கத்துல உக்காந்தேன். டைம் கீப்பர் யார் பக்கமும் உக்காரக் கூடாது, தெரியும். ஆனா எனக்கு உள்ளுக்குள்ள உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அதுக்கு ஆறு மாசம் முன்னால, டூட்டி நேரத்துல வாளியைக் கவுத்துப் போட்டு உக்காந்திருந்தார்னு சேஃப்டி ஆபீசர் சொல்ல, நான்தான் அவருக்கு வார்னிங் மெமோ அடிச்சேன். இங்கிலீஷ்ல இருந்ததைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். முட்டி வலிக்குதுன்னு அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேன்னு கேட்டேன். அப்போதான் சொன்னார். அந்த கோலைப் பாத்துட்டு அவரையும் ஒரு காலேஜ்ல இருந்து கூப்பிட்டாங்களாம். ஒரு மாசம் கழிச்சுப் போனார். முட்டி மடங்கல. ரெண்டு ரவுண்டு ஓடச் சொன்னாங்க, அரை ரவுண்டுல உக்காந்துட்டார். ஊருக்குத் திரும்பினப்போ பஸ் ஸ்டாண்டுல மாலை போட்டாங்களாம், கோலுக்காக. அதனால யார்கிட்டயும் சொல்லல. எனக்கு முகத்தை எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல.

"கப்பு ஹெட்மாஸ்டர் ரூம்ல இருக்கு சார். முட்டி எங்கிட்ட இருக்கு."

கடைசிப் பத்து நிமிஷம்

கதிர் ஆறு வாரம் பந்தைத் தொடாம கிடந்தான், செலக்ஷனுக்குப் போனான், சீட் கிடைச்சுது. பி.டி. சார் குரூப்ல போட்டார். மூணு நாள் யாரும் பதில் போடல. நாலாவது நாள் ஜெய்லானி, அந்தக் காலேஜ் கோச் எங்க ஸ்கூல்ல படிச்சவர், அதனால இது எங்க சீட்டுன்னு ஆரம்பிச்சார். செல்வத்துக்குப் பொறுக்கல. பஸ் பழையபடி ஆயிருச்சு. ஸ்கூல் போயி காலேஜ் வந்துச்சு, எந்தக் காலேஜ் நாக் அவுட்ல எதுவரைக்கும் போகும்னு கேம்ப் வரைக்கும் சண்டை.

கதிர் காலேஜோட முதல் மேட்ச். சாயங்காலம் போன் பையைப் பிரிச்சதும் செல்வம் நேரா வந்து முத்துக்குமார் பக்கத்துல உக்காந்து, போனை ரெண்டு பேருக்கும் நடுவுல பிடிச்சார். நாங்க பின்னால நின்னு எட்டிப் பாக்குறோம். ஆள் நிக்கிறதைப் பாத்தும் கான் பாய் அன்னைக்கு யல்லான்னு கத்தல, வண்டியை எடுக்காம காத்துக்கிட்டிருந்தார். எண்பது நிமிஷமும் பையன் பெஞ்சுல, அதனால வீடியோவைத் தள்ளித் தள்ளித்தான் பாத்தோம். கோச்சுக்குக் கண்ணு இல்லியான்னு செல்வம் பொருமிக்கிட்டே இருந்தார். கடைசிப் பத்து நிமிஷம் இறக்கினாங்க. ஓடினான், திரும்பினான், ஒரு தடவை ஒருத்தன் இடிச்சுக் கீழே விழுந்தான். முத்துக்குமார் முன் சீட் கம்பியைப் பிடிச்சது எனக்குத் தெரிஞ்சுது. பையன் எந்திரிச்சுட்டான். கோல் ஒண்ணும் விழல. விசில் ஊதிட்டாங்க.

"இறங்கி ஒரு ஷாட்டுகூட அடிக்கலியேவே"ன்னு செல்வம் சலிச்சுக்கிட்டார். முத்துக்குமார் போனை அவர் கையிலிருந்து வாங்கி, பின்னால தள்ளி, மகன் விழுந்த இடத்தை மறுபடியும் போட்டார். அப்புறம் இன்னொரு தடவை. செல்வம் பக்கம் போனைத் திருப்பிக் காட்டினப்போ முத்துக்குமார் கண்ணு கலங்கியிருந்துச்சு.

"கையை ஊணாம எந்திரிக்கான் அண்ணாச்சி, பாத்தியளா?"

பஸ் பத்து நிமிஷம் லேட்டானா காரணம் எழுத என் ஷீட்ல ஒரு கட்டம் உண்டு, ஆனா ஒரு மனுஷன் இருபத்தஞ்சு வருஷம் லேட்டா வாயைத் திறந்தா அதை எங்க எழுதுறதுன்னு எந்தக் கம்பெனியும் எனக்குச் சொல்லித் தரல.