கப்பல் கடைசியாகச் சொன்ன இடம்

இணையப் பக்கத்தை இழுத்து மெமரியில் வைக்கும் புரோகிராமை சி மொழியில் எழுதுவது, எவ்வளவு தண்ணீர் வருமென்று தெரியாமல் குழாயடியில் பாத்திரம் ஏந்தி நிற்கிற பிழைப்பு. இதில் மாட்டிக்கொண்டு விழிக்கும் தோழர்களே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

காணாமல் போன விலை

புதுச்சேரிக் கடைகளுக்குச் சின்னத் திரை வைத்த பெட்டிகள் செய்து கொடுக்கிறேன். நகைக்கடைப் பெட்டி, தங்கம் விலைப் பக்கத்தை இழுத்து விலையை மட்டும் காட்டும். பக்கம் துண்டு துண்டாக வரும். ஒவ்வொரு துண்டுக்கும் மெமரியில் இடத்தை நீட்டிக்கொண்டே போக வேண்டும். ஒருநாள் அந்தப் பக்கத்தில் விளம்பரங்கள் குவிந்து, இடம் போதாமல், திரை வெறுமையாகிவிட்டது. முகூர்த்த நாள் வேறு. முதலாளி கத்தினார்: “புதுசு வரலன்னா பழசயாவது காட்டித் தொலைய வேண்டியதுதானே!”

பாயின் மகன்

திட்டு வாங்கினாலும் யோசனை நல்லது. புதிய பக்கம் முழுசாக வந்து சேரும்வரை பழையதை விடாதே என்று புரோகிராமை மாற்றினேன். அப்படி ஒரு பெட்டியை முதலியார்பேட்டையில் பூட்டு, சாவி விற்கும் ரஹீம் பாய் வாங்கினார். அவர் மகன் அன்வருக்குச் சரக்குக் கப்பலில் இன்ஜின் அறை வேலை. கப்பல் போகும் இடத்தைக் காட்டும் இணையப் பக்கத்திலிருந்து ஊர்ப்பெயரை எடுத்துப் பெட்டி காட்டும்.

பெட்டியில் எதையும் சேமித்து வைக்க டிஸ்க் கிடையாது, கரண்ட் போனால் பெயரும் போய்விடும், மறுபடி இழுக்க வேண்டும் என்றேன். பாய் அன்றே இன்வெர்ட்டரில் மாட்டச் சொன்னார். வருகிறவர்களிடமெல்லாம் திரையைக் காட்டுவார்: “கொழும்புல இருக்கான் பாருங்க, எம் புள்ள!”

கடை மாறிய நாள்

போன மழைக்காலத்தில் அந்தக் கப்பல் புயலில் மூழ்கியது. அன்வர் கிடைக்கவில்லை. கொஞ்ச நாளில் கப்பலின் இணையப் பக்கத்தையும் எடுத்துவிட்டார்கள். புதியது வராததால் ஓமன் கரையிலுள்ள ஊரின் பெயரோடு பெட்டி பழையதையே காட்டிக்கொண்டிருந்தது: ‘சலாலா அருகே’. அதைப் பார்த்த அன்று கடைக்கு வெளியே நின்று அழுதேன்.

கடையைத் தவளக்குப்பத்துக்கு மாற்றும்போது பாய் கூப்பிட்டார். பெட்டி அணையாமல் போய்ச் சேர வேண்டும் என்றார். அந்தப் பெயரைப் புரோகிராமிலேயே எழுதிவிடுகிறேன் பாய், எத்தனை தடவை அணைத்தாலும் அதுவே வரும் என்றேன். தலையாட்டி மறுத்துவிட்டார். பெட்டியில் பவர் பேங்கை மாட்டிவிட்டு இன்வெர்ட்டர் வயரைக் கழற்றினேன். திரை ஒரு கணம் மங்கியது; அணையவில்லை.

கடலூர் ரோடு முழுக்க ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக் கையால் அணைத்தபடி வந்தார். எதற்குப் பாய் இந்தப் பாடு என்று கேட்டுவிட்டேன். திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நீ எழுதிக் குடுத்தா அது நீ சொன்னது தம்பி. இது எம் புள்ள இருந்த கப்பல் சொன்னது.”

வேலை முடிந்ததும் மெமரியில் பிடித்த இடத்தை விடுவித்துவிடு என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள், வேலை எப்போது முடிகிறது என்பதை மட்டும் சொல்லித்தரவில்லை.