முப்பத்தொன்றாம் கேள்வி

காலையில் பொன்மலையிலிருந்து மன்னார்புரம் வழியாகப் போகும் கல்லூரிப் பேருந்தில் டிரைவருக்குப் பின்னால் உள்ள இருக்கையை டெல்பினுக்காக விட்டுவைத்திருப்பார்கள். மூன்று வயதில் வந்த போலியோவில் அவருடைய வலது கால் சூம்பிப்போயிருந்தது. தொடைவரை இரும்புப் பட்டை கட்டிக்கொண்டுதான் நடப்பார். கல்லூரியில் இயந்திரவியல் துறையின் அலுவலக எழுத்தர். இருபத்திரண்டு வருட சர்வீஸ். கணவர் ஜூட் ரயில்வே பணிமனையில் வெல்டர்.

உலகம் முழுவதும் உள்ள வெல்டிங் பொறியாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு ஊரில் கூடுவார்கள். அந்த மாநாட்டைத் திருச்சிக்குக் கொண்டுவர வேண்டும் என்று துறைத்தலைவர் முருகானந்தத்துக்கு ஆசை. தெருவுக்குத் தெரு ஃபேப்ரிகேஷன் பட்டறை இருக்கிற ஊரை விட்டுவிட்டு வேறெங்கே நடத்துவது என்பது அவர் வாதம். விண்ணப்பம் போட்டார். அவரே எதிர்பாராத விதமாக, கடைசிச் சுற்றில் கொரியாவின் பூசானும் திருச்சியும் மட்டும் மிஞ்சின.

அதன்பிறகு தேர்வுக் குழுவிலிருந்து அறுபது கேள்விகள் வந்தன. பதில்களைத் திரட்டும் வேலை டெல்பினுடையது. விமானங்கள், ஹோட்டல் அறைகள், மின்சாரம் போனால் ஜெனரேட்டர் எத்தனை நொடியில் ஓடும் என்பதுவரை எல்லாவற்றையும் போன் போட்டு விசாரித்தார். மாநாட்டுக்குக் குழு சொன்ன டிசம்பர் தேதிகள், ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக்கு அறைகள் நிரம்பிவிடும் நாட்கள். பிப்ரவரி என்றால் நல்லது என்று எழுதிப்போட்டார். அதற்கு நன்றி சொல்லிப் பதில் வந்தது.

முப்பத்தொன்றாம் கேள்வி: சக்கர நாற்காலியில் வருபவர் பிறர் உதவியின்றி மேடைக்குப் போக முடியுமா? முருகானந்தம் "ஆம்" என்று குறித்திருந்தார். அரங்கத்தின் பக்கவாசலில் ஸ்பீக்கர் பெட்டிகளை ஏற்றுவதற்கு ஒரு சாய்தளம் உண்டு. அதை மனதில் வைத்து எழுதியிருந்தார்.

டெல்பினுக்கு அந்த மேடையைத் தெரியும். இருபதாண்டுப் பணிக்கு அவருக்கு விருது கொடுத்த நாளில், மேடைக்கு ஏழு படிகள் என்பதால் கல்லூரி முதல்வரே கீழே இறங்கிவந்து கேடயத்தைக் கையில் கொடுத்தார். முதல்வரின் பெருந்தன்மைக்கு அரங்கமே கைதட்டியது. டெல்பினும் சிரித்தார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

மதிய இடைவேளையில் கல்லூரி மருத்துவ அறையிலிருந்து சக்கர நாற்காலியை வாங்கி, பக்கவாசலுக்குக் கொண்டுபோய் அவரே உட்கார்ந்து உருட்டிப் பார்த்தார். பாதி தூரத்தில் கை சளைத்தது. நாற்காலி பின்னோக்கி உருண்டு சுவரில் இடிக்க, முழங்கை உரிந்தது. அவர் அலுவலகத்துக்கு வந்து "ஆம்" என்பதை அடித்து "இல்லை" என்று எழுதினார்.

முருகானந்தத்துக்குக் கோபம் வந்தது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஒரு வார்த்தையில் கெடுத்துக்கொள்ளலாமா, பூசான்காரர்கள் எல்லாவற்றுக்கும் ஆம் என்றுதான் எழுதுவார்கள் என்றார்.

"அவங்க நேர்ல வந்து பார்க்கத்தான் போறாங்க சார்," என்றார் டெல்பின். "அதைவிட, நம்பி ஒருத்தர் வந்துட்டார்னா? கீழேயே உட்காருங்கன்னு அவர்கிட்ட யார் போய்ச் சொல்றது?"

முருகானந்தம் உரிந்த முழங்கையைப் பார்த்தார். என்ன செய்தால் சரியாகும் என்று கேட்டார். டெல்பின் அதையும் அளந்து வைத்திருந்தார். மேடை மூன்றரை அடி உயரம். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். கிழக்குச் சுவரை ஒட்டி இரண்டு வரிசை நாற்காலிகளை எடுத்தால் நாற்பத்திரண்டு அடி கிடைக்கும். நிர்வாகம் ஒப்புக்கொண்டதும், "இப்போது இல்லை, ஜூனுக்குள் கட்டுவோம்" என்று திருத்தி அனுப்பினார்கள்.

பிப்ரவரியில் குழுவின் சார்பில் இடத்தை நேரில் பார்க்க ஃபின்லாந்திலிருந்து ஐனோ என்ற பொறியாளர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். அரங்கத்தில் நுழைந்ததும் முப்பத்தொன்றாம் கேள்விக்குப் பதில் எழுதியவர் யார் என்று கேட்டார். டெல்பின் முன்னால் வந்து, சாய்தளம் வரவேண்டிய இடத்தில் தரையில் போட்டு வைத்திருந்த சுண்ணாம்புக் கோட்டைக் காட்டினார். ஐனோ தன் பையிலிருந்து டேப்பை எடுத்தார். ஒரு முனையை டெல்பின் பிடிக்க, இருவருமாக அளந்தார்கள்.

மறுநாள் ஐனோ ஸ்ரீரங்கம் பார்க்க ஆசைப்பட்டபோது டெல்பினே கூடப் போனார். காவிரிப் பாலத்தில் கார் மெதுவாக ஊர்ந்தது. எண்ணூறு பேர் ஒரேயடியாக வந்தால் இந்த ஊர் தாங்குமா என்று ஐனோ கேட்டார். ஏகாதசிக்கு லட்சக்கணக்கில் வருகிறார்கள், யாரும் பசியோடு திரும்புவதில்லை என்று டெல்பின் தன் ஆங்கிலத்தில் சொன்னார். ஐனோ அதைக் குறித்துக்கொண்டார்.

சாய்தளம் சொன்னபடி ஜூனில் முடிந்தது. காலில் கட்டுப் போட்டிருந்த இறுதியாண்டு மாணவி ஒருத்தி, திட்ட அறிக்கையை விளக்க அதன் வழியாகத்தான் மேடைக்குப் போனாள்.

ஜூலையில் கடிதம் வந்தது. மாநாடு பூசானுக்குப் போய்விட்டது. ஐரோப்பாவிலிருந்து திருச்சிக்கு வர விமானம் மாற வேண்டியிருக்கிறது என்பதுதான் காரணம். முருகானந்தம் கடிதத்தை மேசையில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். இரண்டாம் பக்கத்தை டெல்பின்தான் முதலில் படித்தார். அடுத்த ஆண்டு இளம் பொறியாளர்கள் நூற்றிருபது பேருக்கான பயிற்சி முகாமைத் திருச்சியில் நடத்த முடியுமா என்று கேட்டிருந்தார்கள். அது நன்றாக நடந்தால் அடுத்த மாநாட்டுக்குத் திருச்சியை மீண்டும் பரிசீலிப்பார்களாம். அதற்கு முன், மாநாட்டு ஏற்பாடுகளைப் பார்த்துத் தெரிந்துகொள்ள டெல்பின் பூசானுக்கு வர வேண்டும், செலவு குழுவினுடையது. அவருடைய பெயர் எழுத்துப் பிழையில்லாமல் இருந்தது.

அவர் எழுந்து முருகானந்தத்தைத் தேடிப் போனார்.

பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை குவார்ட்டர்ஸுக்கு வந்தார். சர்ச்சில் பூசைக்குப் போய்வந்த ஜூட் அவருக்கு நாற்காலி போட்டுவிட்டுக் காபி கலக்கப் போனார்.

"கொரியாவுக்கு எதுக்கும்மா போறீங்க? சுற்றுலாவா?"

"இல்லைங்க. அங்க ஒரு பெரிய மாநாட்டை எப்படி நடத்துறாங்கன்னு பார்த்துட்டு வரணும். அடுத்தது நம்ம ஊருக்குக் கேட்கப் போறோம்."

போலீஸ்காரர் தாளில் "அலுவல் காரணமாக" என்று எழுதி, கையெழுத்துக்கு நீட்டினார்.