இடப்பக்கம் இழுத்த இறக்கை

எண்பதுகளின் கடைசியில் என் கணவருக்குக் காறை எலும்பு முறிந்தது. செங்கல்பட்டு தாண்டி ஒரு மொட்டைக் குன்றின் உச்சியிலிருந்து, ஆள் தொங்கியபடி பறக்கும் துணி இறக்கையான ஹேங் கிளைடரில் கிளம்பியவர், இறங்க வேண்டிய தரிசு நிலத்துக்குப் போகாமல் இடப்பக்கமாகவே சரிந்து முட்புதரில் விழுந்தார். அந்தக் கிளைடர் அவரும் பேங்கில் அவரோடு வேலை பார்த்த நண்பரும் சேர்ந்து பழையதாக வாங்கியது.

ஆஸ்பத்திரியில் நண்பர் வருத்தத்தோடுதான் சொன்னார். "கிளைடர்ல ஒண்ணும் இல்ல மச்சான். போன மாசம் நான் பறந்தேனே, நல்லாத்தானே இருந்துச்சு? நீதான் பயந்துட்ட."

சென்னை விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூரில் எங்கள் வீட்டுக்கு மேலே விமானங்கள் தாழ்ந்துதான் போகும். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எழுந்து போய்ப் பார்க்கிற என் கணவர், கட்டுப் போட்டிருந்த நாட்களில் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"நிஜமாவே பயந்தீங்களா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உடம்பு சாயுற பக்கம்தான் கிளைடர் திரும்பும். வலப்பக்கம்தான் உடம்பத் தள்ளினேன்னு நெனச்சேன். இப்போ அதுவே சந்தேகமா இருக்கு."

தன் கையையே நம்பாத மனிதரோடு இருப்பது எனக்குத் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்ததும் கிளைடர் பையை மொட்டை மாடியில் பிரித்தேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கிற எனக்கு ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லை. அவர் கழுத்தில் கட்டிய தூளியில் கையைத் தொங்கவிட்டபடி நாற்காலியில் உட்கார்ந்து, எதை எப்படிக் கழற்றுவது என்று வேண்டாவெறுப்பாக ஒவ்வொன்றாகச் சொன்னார்.

இறக்கைத் துணிக்கு வளைவு கொடுக்கும் கம்பிகளை உருவி, இடது கம்பிமேல் வலது கம்பியை வைத்துப் பார்த்தேன். வளைவு ஒத்துப்போனது. துணியில் தையல் எங்கும் விடவில்லை. தாங்கும் கம்பிவடங்களைப் பழைய பருத்தித் துணியால் சுற்றிப் பிடித்து முழு நீளத்துக்கும் உருவினேன். ஓர் இழை அறுந்திருந்தாலும் துணி மாட்டிக்கொள்ளும். எங்கும் மாட்டவில்லை.

"பார்த்தியா, கிளைடர்ல ஒண்ணுமில்ல. மூடி வை."

"துணிய முழுசா கழட்டலாங்க."

இறக்கையின் முன்விளிம்பில் துணிக்குள் மறைந்திருக்கும் அலுமினியக் குழாய்களை வெளியே எடுத்துத் தரையில் உருட்டினேன். வலது குழாய் ஒழுங்காக உருண்டது. இடது குழாய் தட்டுத் தடுமாறி நின்றது. குனிந்து பார்த்தால் ஒரு போல்ட் துளையின் ஓரத்தில் விரிசல். அந்த இடத்தில்தான் குழாய் வளைந்திருந்தது.

அவர் எழுந்து வந்தார். முகம் ஒரு கணம் தெளிந்து மறுபடி வாடியது. "விழுந்தப்போ வளைஞ்சிருக்கும். இத வச்சு என்ன சொல்ல முடியும்?"

நியாயமான கேள்விதான். குழாயை வெயிலில் திருப்பிப் பார்த்தேன். விரிசலின் உள்ளே வெள்ளையாக மாவு படிந்திருந்தது. புதிதாக உடைந்த அலுமினியம் பளபளக்கும். இது அவர்கள் இருவரும் முதலில் கடற்கரை மணலில் ஓடிப் பறக்கப் பழகிய காலத்திலேயே உப்புக்காற்று பட்டு அரிக்கத் தொடங்கிய விரிசல். அன்று பாரம் ஏறியதும் குழாய் விட்டுக்கொடுத்து, கிளைடரை இடப்பக்கம் இழுத்திருக்கிறது.

அவர் அந்த மாவை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு தரையிலேயே உட்கார்ந்து அழுதார். மாலையில் வந்த நண்பர் குழாயைக் கையில் வாங்கி விரிசலில் நகத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "அடுத்து நான்தான் பறந்திருக்கணும்" என்றார்.

புதுக் குழாய் வரவழைத்து மாட்டினார்கள். எலும்பு கூடியதும் என் கணவர் அதே குன்றிலிருந்து பறந்தார். கிளைடர் நேராகப் போனது. அவர் தரையில் கால் வைக்கும்வரை கீழே நின்று இடது இறக்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு நான் கிளைடரைப் பார்த்துச் சரி என்று சொல்லாமல் அவர் கிளம்பியதே இல்லை. ஊரெல்லாம் அதைப் பெருமையாகச் சொல்வார். எனக்கோ அவர் பறப்பதற்கு முதல்நாள் இரவே தூக்கம் போய்விடும். அவர் விழுந்தால் இனி அது என் கண் தவறவிட்ட விரிசலாகத்தான் இருக்கும்.

சில வருடம் பொறுத்தேன். ஒருநாள் குன்றின் மேல், பாதி வடத்தைத் தடவிக்கொண்டிருக்கும்போதே கை நின்றுவிட்டது. "இனிமே என்னால பார்க்க முடியாதுங்க" என்றேன்.

காற்று அன்று நன்றாக வீசியது. அவர் என் முகத்தைப் பார்த்தார். இடுப்பில் கட்டியிருந்த வார்களை அவிழ்த்து, துணியைச் சுருட்ட ஆரம்பித்தார். மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன்.